மொராக்கோவின் அஸ்ரூவில் தன்னார்வலராகத் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய அட்லஸ் மலைத்தொடரில், மெக்னெஸ் நகரத்துக்குத் தெற்கே, சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர் அஸ்ரூ. தேவதாரு காடு, செவ்வாய்ச் சந்தை, கம்பளம் நெய்யும் பெண்கள் ஆகியவற்றுக்குப் பெயர் போனது. இங்கே ஆறு மாதம், ஒரு வருடம் என்று தங்கி வேலை செய்ய வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. விலைகள் அண்ணளவானவை.

வட ஆப்பிரிக்காதானே, நாலு காட்டன் சட்டை எடுத்துட்டுப் போனா போதாதா?

போதாது. ஆப்பிரிக்காவிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, அஸ்ரூவுக்குப் பக்கத்து ஊரான இஃப்ரானில் 1935 பிப்ரவரி 11 அன்று பதிவான மைனஸ் 23.9 டிகிரி. அந்த அளவுக்கு இப்போது போவதில்லை. ஆனாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி விழும். மித்ல்த் பக்கம் போகும் மலைச்சாலையை சில நாட்கள் தடுப்புப் போட்டு மூடிவிடுவார்கள்.

வெளிக்குளிரைவிட வீட்டுக்குள் இருக்கும் குளிர்தான் ஆளை வாட்டும். கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, சூடேற்றும் வசதி ஏதும் கிடையாது. பகலில் வெயில் அடிக்கும்போது தெருவில் இருப்பதுதான் இதம். கம்பளி உள்ளாடை இரண்டு செட், கனமான காலுறை, வீட்டுக்குள் போட மூடிய செருப்பு ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். கோட், ஸ்வெட்டர் வேண்டாம். சந்தையில் பழைய துணி விற்கும் பகுதியில் நல்லதாகவே மலிவாகக் கிடைக்கும்.

விசா எப்படி? மூணு மாசத்துக்கு மேல இருக்கணும்னா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். பிரிட்டன், கனடா, ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டு இருந்தால் 90 நாள் விசா இல்லாமல் இருக்கலாம். அதற்கு மேல் தங்குகிற எவரும், 90 நாள் முடிவதற்கு முன்பே, வசிப்பிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஊருக்குள் என்றால் போலீஸ் நிலையத்தின் வெளிநாட்டவர் பிரிவு. கிராமம் என்றால் ஜாந்தார்மரி எனப்படும் கிராமப்புறக் காவல்படை.

வழக்கமாகக் கேட்பவை: கடவுச்சீட்டின் நகல் (நுழைவு முத்திரைப் பக்கத்தோடு), புகைப்படங்கள், மருத்துவச் சான்று, சொந்த நாட்டுக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று, வாடகை ஒப்பந்தம் அல்லது தங்க இடம் தருபவரின் கடிதம், உங்களை அழைத்த அமைப்பின் கடிதம். கையெழுத்துகளை நகராட்சி அலுவலகத்தில் அத்தாட்சி செய்ய வேண்டும். நன்னடத்தைச் சான்றை ஊரிலிருந்தே வாங்கி வருவது முக்கியம். பலருடைய விண்ணப்பம் தேங்குவது அங்கேதான். கொடுத்ததும் ஒரு ரசீது தருவார்கள். அட்டை வரும்வரை அதுவே உங்கள் ஆதாரம். நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

90 நாள் முடியறப்போ ஸ்யூட்டா எல்லைக்குப் போய்ட்டு வந்தா புதுசா 90 நாள் கிடைக்குமாமே?

சிலருக்குக் கிடைக்கும். ஆனால் அது எல்லையில் நிற்கும் அதிகாரியின் விருப்பம். நாலாவது முறை அவர் கேள்வி கேட்டால் பதில் இருக்காது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு இந்த வழியே கிடையாது. ஸ்யூட்டா ஸ்பெயினின் பகுதி என்பதால் ஷெங்கன் விசா வேண்டும். ஒருமுறை நுழைவு விசாவில் வந்திருந்தால் திரும்பி மொராக்கோவுக்குள் வரவும் முடியாது. நேர்வழியில் அட்டை எடுங்கள்.

எனக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். ஃபிரெஞ்ச் கத்துக்கிட்டுப் போகவா?

வங்கி, மருந்துக்கடை, அலுவலகப் படிவம் இவற்றுக்கு ஃபிரெஞ்சு உதவும். தெருவுக்கும் சமையலறைக்கும் தாரிஜா எனப்படும் மொராக்கோ அரபிதான். கற்க நேரம் குறைவென்றால் தாரிஜாவையே எடுங்கள். வளைகுடாவில் கற்ற அரபி இங்கே பாதிதான் செல்லும். அஸ்ரூவில் பல வீடுகளில், முக்கியமாகப் பாட்டிமாரிடம், பெர்பர் மக்களின் மொழியான தமாஸிக்த் பேச்சுதான் ஓடும். அது 2011 அரசியல் சட்டப்படி நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. அதில் பத்து வார்த்தை சொன்னாலும் வீட்டுக்குள் உங்களுக்கு உட்காரும் இடம் மாறிவிடும்.

முதல்ல ஒரு குடும்பத்தோட இருக்கச் சொல்றாங்க. எனக்குத் தனியா இருந்தாத்தான் தூக்கம் வரும். நேரா வீடு எடுத்துடலாமா?

இரண்டு மாதமாவது குடும்பத்தோடு இருங்கள். மொழிக்காக மட்டும் சொல்லவில்லை. சிறிய ஊரில் 'இவர் யார் வீட்டு விருந்தாளி' என்ற கேள்விக்கு ஒரு பதில் இருந்தாக வேண்டும். பதில் இருந்தால் மளிகைக்கடைக்காரர் கடன் தருவார், பக்கத்து வீட்டுப் பையன் பெட்டி தூக்குவான், போலீஸ்காரர் விசாரித்தால் நாலு பேர் பேசுவார்கள். குடும்பத்துக்குத் தரவேண்டிய மாதத் தொகையை அமைப்பின் மூலம் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

பிறகு தனி வீடு. இரண்டு அறை வீட்டுக்கு மாதம் 1,000 முதல் 1,800 திர்ஹாம் (மொராக்கோ நாணயம்) வரை ஆகும். பார்க்கும்போது மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்: தெற்குப் பக்கம் ஜன்னல் உண்டா, புகைபோக்கி போட துளை இருக்கிறதா, குளியலறைக்கு வெளிக்காற்று வருகிறதா. வீடு பிடித்த அன்றே பகுதியின் முகத்தெமைப் பாருங்கள். அவர் அரசின் கீழ்நிலைப் பிரதிநிதி. தெருவில் யார் வந்தார், யார் போனார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வசிப்பிடச் சான்று அவர் வழியாகத்தான் வரும். அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

எல்லாரும் ஒரே தட்டுல சாப்பிடுவாங்களாமே. நாமளும் கையாலதானே சாப்பிடறோம், கஷ்டம் இருக்காதுல்ல?

கையால் சாப்பிடுவது பழகியது என்ற நினைப்பில்தான் நம் ஆட்கள் தவறு செய்கிறார்கள். சோற்றைப் பிசைவதுபோல் இங்கே பிசையக் கூடாது. வலது கையின் மூன்று விரலில் ரொட்டித் துண்டைப் பிடித்து, அதால் காயையும் குழம்பையும் அள்ள வேண்டும். உங்கள் முன்னால் இருக்கும் முக்கோணப் பங்கில்தான் கை போகலாம். நடுவில் இருக்கும் இறைச்சி கடைசிக்கு. வீட்டுக்காரம்மா பிய்த்து உங்கள் பக்கம் தள்ளுவார். வெள்ளிக்கிழமை மதியம் குஸ்குஸ் (ஆவியில் வேகவைத்த ரவை). அதற்குக் கரண்டி தருவார்கள், கேட்டாலும் தப்பில்லை.

தொடங்கும்போது 'பிஸ்மில்லா', முடிந்ததும் 'ஹம்துலில்லா' என்பது மதம் பாராத மேசை மரியாதை. 'குல், குல்' என்று சாப்பிடச் சொல்லி மூன்று முறையாவது வற்புறுத்துவார்கள். முதல் மறுப்பை யாரும் மறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே ஆரம்பத்தில் மெதுவாகச் சாப்பிடுங்கள். தேநீரில் சர்க்கரை அதிகம். குறைக்கச் சொல்வதைவிட அரை கிளாஸ் குடிப்பது எளிது.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் பேச வேண்டியிருக்கும். காய் தஜின் (மண்சட்டியில் வேகவைத்த குழம்பு), குஸ்குஸ், ஹரீரா சூப் எல்லாமே பெரும்பாலும் இறைச்சியோடு வெந்தவை. மேலே இருக்கும் காயை மட்டும் எடுத்துத் தருவார்கள். 'மா கனாகுல்ஷ் ல்ஹம்' (இறைச்சி சாப்பிட மாட்டேன்) என்று சொன்னால் ஆட்டையும் மாட்டையும் மட்டும் விட்டுவிட்டுக் கோழி வரும். கோழி, மீன் என்று பெயர் சொல்லி மறுக்க வேண்டும். காரணமாக உயிர்வதை பற்றிப் பேசினால் நீண்ட விவாதம் நடக்கும். 'எங்கள் வீட்டு வழக்கம்' என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.

நிம்மதியாகச் சாப்பிடக் கூடியவை: பிஸ்ஸாரா (காய்ந்த மொச்சைக் கூழ், மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகமும், குளிர்காலக் காலை உணவு), லூபியா என்ற வெள்ளை பீன்ஸ், அதஸ் என்ற பயறு, ஸாலூக் என்ற கத்தரிக்காய் மசியல், முட்டை. கடைகளில் பீன்ஸும் பயறும் சில சமயம் எலும்புச் சாற்றில் வெந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சீரகம், இஞ்சித்தூள், மல்லித்தழை எல்லாம் சந்தையிலேயே உண்டு. கறிவேப்பிலை, பெருங்காயம், புளி, சாம்பார் பொடி கொண்டுவருவது நல்லது. அரிசி குட்டையானது, குழையும், பொங்கலுக்கு அருமை.

சந்தையில கிலோ நூறுன்னு சொல்றாங்க. தக்காளி நூறு திர்ஹாமா?

நூறு ரியால். ரியால் என்ற நாணயமே புழக்கத்தில் இல்லை. கணக்கில் மட்டும் உயிரோடு இருக்கிறது. 20 ரியால் ஒரு திர்ஹாம். 100 ரியால் என்றால் 5 திர்ஹாம், 1,000 ரியால் என்றால் 50. பெரிய தொகைகளை இன்னொரு வகையிலும் சொல்வார்கள்: சென்டைமில், அதை 'ஃப்ராங்க்' என்று. ஆயிரம் ஃப்ராங்க் 10 திர்ஹாம். காய்க்காரர் சொன்னால் இருபதால் வகுங்கள். 'ஃப்ராங்க்' என்று காதில் விழுந்தால் நூறால். குழம்பினால் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பிளாஸ்டிக் பை 2016 ஜூலை முதல் தடை. கூடை எடுத்துப் போங்கள். காயை நீங்களே ஒரு பேசினில் பொறுக்கிக் கொடுத்தால் எடை போடுவார். காய்கறிக்குப் பேரம் கிடையாது. துணி, கம்பளம், பழைய சாமான்களுக்கு உண்டு. வாங்கும் எண்ணம் இல்லாமல் விலை கேட்டு, அவர் இறங்கி வந்த பிறகு நழுவுவதை மட்டும் ஊர் மறக்காது.

கேஸ் சிலிண்டருக்கு எங்க பதியணும்? ஹீட்டர் எது வாங்கலாம்?

எங்கும் பதிய வேண்டாம். மூலைக்கடையில் காலி 'பூத்தா'வைக் கொடுத்து நிறைந்ததை வாங்கலாம். 12 கிலோ சிலிண்டர், 2024 மே முதல் 50 திர்ஹாம் (அதற்கு முன் 40). அரசு மானியத்தில் வருவது. முதல் முறை காலி சிலிண்டர் இல்லையென்றால் முன்பணம் கேட்பார்கள். ரெகுலேட்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் கிழிந்திருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு முறை மாற்றிய பிறகும் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று சோதியுங்கள். தீக்குச்சி கொண்டு சோதிப்பவரைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. மொராக்கோவில் ஒவ்வொரு குளிர்காலமும் இதனால் ஆட்கள் சாகிறார்கள். எரிவாயுவில் ஓடும் தண்ணீர் சூடேற்றியைக் குளியலறைக்குள்ளேயே மாட்டி, குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்துவிடுவதே காரணம். வாசனை இல்லை, நிறம் இல்லை. தலைவலி, வாந்தி, கால் துவளல் என்று ஆரம்பித்து அப்படியே மயக்கம். சூடேற்றி குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும், புகைக்குழாய் வெளிச்சுவரைத் தாண்ட வேண்டும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மஜ்மர் எனப்படும் கரியடுப்பை இரவில் படுக்கையறைக்குள் வைக்கவே கூடாது. மின்கலத்தில் ஓடும் அபாயமணி ஒன்றை ஊரிலிருந்து வாங்கி வருவது, நீங்கள் கொண்டுவரும் சாமான்களிலேயே மிக உபயோகமானதாக இருக்கலாம்.

சூட்டுக்கு: மின்சார ஹீட்டர் வசதி, ஆனால் கட்டணத்தைப் பாருங்கள். மாதம் 150 யூனிட் வரை படிப்படியான விலை. அதைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, மொத்தத்துக்கும் உயர் விலை. ஊர்க்காரர்கள் விறகு அடுப்பைத்தான் நம்புகிறார்கள். விறகை செப்டம்பர், அக்டோபரிலேயே வாங்கிக் காயவைக்க வேண்டும். முதல் பனி விழுந்த பிறகு வாங்கினால் விலையும் கூடும், ஈரமும் இருக்கும், வீடெல்லாம் புகை. ஓக் விறகு நின்று எரியும். தேவதாரு வெட்டத் தடை உள்ள மரம்; மலிவாகக் கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள்.

அப்போ குளிக்கிறது?

ஹம்மாம் எனப்படும் பொது நீராவிக் குளியல், வாரம் ஒரு முறை. கட்டணம் 10 முதல் 20 திர்ஹாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வாசல் அல்லது தனி நேரம். எடுத்துப் போக வேண்டியவை: இரண்டு வாளி, ஒரு சொம்பு, உட்கார சின்னப் பாய், கறுப்புச் சோப்பு, 'கீஸ்' எனப்படும் தேய்ப்புக் கையுறை, ரப்பர் செருப்பு, மாற்று உள்ளாடை. உள்ளாடையைக் கழற்றக் கூடாது.

உள்ளே மூன்று அறைகள்; போகப்போக சூடு கூடும். கடைசி அறையில் வாளி நிரப்பி, ஒரு மூலையைக் கழுவி உட்காருங்கள். சோப்பைப் பூசி பத்து நிமிடம் ஊறிய பிறகுதான் கையுறை. அழுக்கு திரிதிரியாக வரும், கவலை வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் முதுகைத் தேய்க்கக் கேட்டால் தேய்த்துவிடுங்கள், பிறகு அவர் உங்களுக்கு. இன்னொருவர் வாளியில் சொம்பை விடாதீர்கள். வெளியே வரும்முன் தலையை நன்றாகத் துவட்டிக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஃபெஸ், மெக்னெஸ் போக ரயில் இருக்கா?

அஸ்ரூவுக்கு ரயில் இல்லை. கிராண்ட் டாக்சி அல்லது பேருந்து. கிராண்ட் டாக்சி என்பது ஆறு பயணிகள் சேர்ந்ததும் கிளம்பும் வண்டி. இருக்கைக்கு இவ்வளவு என்று கட்டணம், பேரம் இல்லை. நெரிசல் பிடிக்காவிட்டால் இரண்டு இருக்கைக்குப் பணம் கொடுத்துவிடலாம். மாலையாகிவிட்டால் ஆள் சேராது, ஆகவே மதியத்துக்குள் கிளம்புங்கள்.

வந்து ரெண்டு மாசமாச்சு. டீ குடிச்சதைத் தவிர ஒரு வேலையும் நடக்கலை. நான் எதுக்கு இங்க?

இரண்டாம் மாதம் எல்லோரிடமிருந்தும் வரும் கேள்வி. தேநீர்தான் வேலை. வகுப்பு எடுக்கும் இடம் பெரும்பாலும் 'தார் ஷபாப்' எனும் அரசு இளைஞர் மையம், அல்லது பெண்களுக்கான 'நாதி நிஸ்வி'. சாவி ஒருவரிடம், அனுமதி இன்னொருவரிடம், பிள்ளைகள் வருவது தாய்மார் சொன்னால். இந்த மூவருக்கும் உங்களைத் தெரியாமல் சுவரொட்டி ஒட்டினால் முதல் நாள் நாற்பது பேர் வருவார்கள், மூன்றாம் வாரம் இரண்டு பேர்.

அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் 1963 முதல் மொராக்கோவில் இருக்கிறது. அவர்களும் பயிற்சிக் காலத்தில் ஆட்களைக் குடும்பங்களோடுதான் தங்கவைக்கிறார்கள், இதே காரணத்துக்காக. ஆரம்பத்தில் வாரம் இரண்டு மணி நேரம் மட்டும் ஏற்றுக்கொண்டு, அதைத் தவறாமல் நடத்துங்கள். ஆங்கிலப் பேச்சு வகுப்பு எளிதாகப் பிடிக்கும். நெசவுக் கூட்டுறவில் சேர்ந்தால் 'வடிவமைப்பு சொல்லித் தருகிறேன்' என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் கம்பளம் உங்களைவிட அவர்களுக்குத் தெரியும். கணக்கு எழுதுவது, நல்ல புகைப்படம் எடுப்பது, அளவைச் சரியாகக் குறித்து வெளியூர் வாங்குபவருக்கு அனுப்புவது, இவைதான் அங்கே ஆள் இல்லாத வேலைகள். வெள்ளி மதியம், பரீட்சைக் காலம், ஜூலை, ஆகஸ்ட் எதுவும் நடக்காது. திட்டம் போடும்போதே கழித்துவிடுங்கள்.

பொண்ணு தனியா போறேன். தெருவில தொல்லை இருக்குமா?

வார்த்தைத் தொல்லை இருக்கும், பெரிய ஊர்களில் கூடுதலாக. பதில் பேசாமல் நடப்பது பெரும்பாலும் போதும். பின்தொடர்ந்தால் கடைக்குள் நுழைந்து, உரக்க 'ஹ்ஷூமா' என்று சொல்லுங்கள். வெட்கக்கேடு என்று அர்த்தம், சுற்றியிருப்பவர்கள் தலையிடுவார்கள். பொது இடத்தில் பாலியல் தொல்லை, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த 103-13 சட்டப்படி குற்றம். காவல்துறை எண் 19, ஊருக்கு வெளியே ஜாந்தார்மரி 177, ஆம்புலன்ஸ் 15.

தெருவோரக் காபிக்கடைகள் ஆண்களின் இடம். பால்கடையும் கேக் கடையும் பெண்கள் உட்காரும் இடங்கள். வீட்டுக்குள் ஆண் நண்பரை அழைப்பது, தன்னார்வலர் ஆணாக இருந்து பெண்ணை அழைப்பது, இரண்டும் வீட்டைக் காலி செய்யும் அளவுக்குப் போகும். குடும்பத்தோடு தங்கச் சொன்னதன் பலன் இங்கேதான் அதிகம் தெரியும்: அந்த வீட்டுப் பெண்ணோடு நாலு நாள் நடந்துவிட்டால் தெரு அடங்கிவிடும்.

ரம்ஜான்ல நானும் நோன்பு இருக்கணுமா?

வேண்டாம். ஆனால் வெளியில் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ புகைக்கவோ கூடாது. முஸ்லிம் என்று அறியப்பட்டவர் பொது இடத்தில் நோன்பை முறிப்பது தண்டனைச் சட்டம் 222ஆம் பிரிவின் கீழ் குற்றம். உங்களைப் பார்த்ததும் மதம் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பகலில் உணவகங்கள் மூடியிருக்கும்.

நாடு முழுக்க கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும்; இந்தியாவோடு வித்தியாசம் நாலரை மணியிலிருந்து ஐந்தரை ஆகும். வீட்டு அழைப்பு, விமானம் இரண்டிலும் இதில் ஏமாறுவார்கள். நோன்பு திறக்கும் அரை மணி முன்பு டாக்சி கிடைக்காது, ஓட்டும் வேகமும் பயங்கரம். அந்நேரம் வீட்டில் இருங்கள். ஹரீராவுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். வெறும் கையோடு போகாமல் பேரீச்சம்பழமோ ஷெபாக்கியா இனிப்போ வாங்கிப் போங்கள்.

நீ ஏன் முஸ்லிமா மாறலைன்னு தினமும் கேக்கறாங்க. என்ன சொல்ல?

அன்பில் கேட்கிறார்கள், பெரும்பாலும். 'என் பெற்றோர் மதம் இது, உங்கள் மதத்தை மதிக்கிறேன்' என்று சிரித்து முடியுங்கள். பெற்றோரைச் சொன்னால் அதற்கு மேல் தள்ள மாட்டார்கள். தர்க்கத்தில் இறங்காதீர்கள்: ஒரு முஸ்லிமின் நம்பிக்கையைக் குலைக்க முயல்வது 220ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். வகுப்பில் மதநூல் விநியோகம் என்ற பேச்சே கூடாது. மன்னரும், மொராக்கோ தன்னுடையது என்று சொல்லும் மேற்கு சஹாராவும் விவாதப் பொருள் அல்ல. சஹாராவைக் கோடு போட்டுப் பிரித்த உலக வரைபடத்தை வகுப்பில் மாட்டிவிட்டு விளக்கம் சொல்ல வேண்டிவரும். இந்தியர் என்றால் பேச்சை மாற்ற சுலபமான வழி உண்டு. இந்திப் படங்கள் இங்கே பல தலைமுறையாக ஓடுகின்றன, ஷாருக் கான் பெயர் எந்த மேசையையும் கலகலப்பாக்கும்.

காட்டுல குரங்குக்குப் பட்டாணி கொடுக்கலாமா? தெருநாய் கடிச்சா?

கொடுக்காதீர்கள். அவை பார்பரி மக்காக், அழியும் ஆபத்தில் உள்ள இனம். தீனி கொடுத்துப் பழக்கினால் சாலைக்கு வந்து அடிபடும், கடிக்கவும் செய்யும். மொராக்கோவில் வெறிநோய் உண்டு. கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே நகராட்சியின் சுகாதார அலுவலகத்துக்கோ மருத்துவமனைக்கோ போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது. கிளம்பும் முன்பே ஊரில் முன்தடுப்பு ஊசி போட்டிருந்தாலும் போக வேண்டும். ஊசி எண்ணிக்கை மட்டும் குறையும். இரவில் மருந்து வேண்டுமென்றால் எந்த மருந்துக்கடைக் கதவிலும் அன்றைய இரவுக்கடையின் பெயர் ஒட்டியிருக்கும்.

கிளம்பறப்போ மிச்சமான திர்ஹாமை என்ன பண்றது?

திர்ஹாம் மொராக்கோவுக்கு வெளியே பெரும்பாலும் செல்லாது. 2,000 திர்ஹாமுக்கு மேல் எடுத்துப் போகவும் அனுமதி இல்லை. மிச்சத்தை விமான நிலையத்தில் மாற்றலாம், ஆனால் நீங்கள் பணம் மாற்றிய அல்லது ஏடிஎம்மில் எடுத்த ரசீதைக் கேட்பார்கள். கடைசி மூன்று மாத ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வைத்திருங்கள். வாடகை முன்பணமும் சிலிண்டர் முன்பணமும் திரும்பக் கைக்கு வர இரண்டு வாரமாகும். விமான நாளுக்கு முந்தைய நாள் கேட்டால் கிடைக்காது. ட்ரோன் கொண்டுவந்து வரும்போதே சுங்கத்தில் பிடித்து வைத்திருந்தால், அந்த ரசீதும் கையில் இருக்க வேண்டும், வந்த அதே விமான நிலையம் வழியாகவே கிளம்புவது நல்லது.